புரவலன் தோட்டமும் புலவன் வகுப்பும்

நூலின் முகப்பில் நிற்கும் புகழுரையைப் படியாது தாண்டிச் செல்லுதல் கற்போர் பலர்க்கு வழக்கமாகிவிட்டது. பொருள் கொடுத்தவனைப் பொருள் பெற்றவன் புகழ்வதில் உண்மை யாது இருக்கும் என்பது அவர்தம் எண்ணம். பாயிரத்தையும் நூலின் உறுப்பாகவே கருதிப் பழகிய நமக்கு இவ்வெண்ணம் எளிதில் உடன்பாடாவதன்று. இதனை ஆய்ந்து பார்த்தற்கு ஏற்றதோர் அயல்நாட்டு நூல் உண்டு. சுவீடன் நாட்டு இயற்கைநூல் அறிஞர் கார்ல் லின்னேயஸ் (1707–1778), ஆலந்து நாட்டுச் செல்வர் ஒருவரிடம் ஊதியம் பெற்று வாழ்ந்த காலத்தில் இலத்தீன் மொழியில் இயற்றிய ‘ஹார்ட்டஸ் கிளிபோர்ட்டியானஸ்’ என்பதே அந்நூல். கிளிபோர்டின் தோட்டம் என்பது அப்பெயரின் பொருள். தலைப்பேட்டில் 1737 எனப் பொறிக்கப்பெற்றிருப்பினும் நூல் வெளிப்போந்தது 1738-ஆம் ஆண்டிலாம்.

நூல் எழுந்த சூழலை முதற்கண் சுருங்கக் கூறுவோம். 1735-இல் மருத்துவப் பட்டம் பெறுதற்பொருட்டு ஆலந்துக்கு வந்த லின்னேயஸ், ஹார்டர்வைக் நகரில் அப்பட்டத்தை விரைவிற் பெற்றார். கைப்பொருள் குறைந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரில் யோகான்னஸ் பூர்மான் என்பார் இலங்கைச் செடிகளைப் பற்றி ஒரு பெருநூல் எழுதிக்கொண்டிருந்தார். 1737-இல் வெளிவந்த அந்நூலுக்குத் துணைசெய்யும் பணியில் அவர் இல்லத்திலேயே லின்னேயஸ் தங்கினார். அந்நாளில் ஹார்லெம் நகரை அடுத்த ஹீம்ஸ்டெட் என்னுமிடத்தில் ஹார்ட்டகாம்ப் என்னும் வளமனையும் தோட்டமும் உடையவராய் விளங்கியவர் ஜார்ஜ் கிளிபோர்டு (1685–1760). ஆம்ஸ்டர்டாமில் வங்கித்தொழில் நடத்திய பெருஞ்செல்வர் அவர். தம் உடல்நலத்தையும் தோட்டத்தையும் ஒருங்கே பேணவல்ல மருத்துவர் ஒருவரை அவர் நாடினார்.

பூர்மானும் லின்னேயஸும் அத்தோட்டத்தைக் காணச் சென்றனர். கிளிபோர்டின் நூலறையில், ஜமைக்காத் தீவின் இயற்கை பற்றி ஹான்ஸ் சுலோன் எழுதிய நூலின் இரண்டாந் தொகுதியைப் பூர்மான் கண்டு வியந்தார். தம்மிடம் அதன் படி இரண்டு உள்ளமையால் ஒன்றைத் தருவதாகவும், மாற்றாக லின்னேயஸைத் தமக்கு விட்டுத் தருமாறும் கிளிபோர்டு கேட்டார். பேரம் முடிந்தது. ஆண்டுக்கு ஆயிரம் கில்டர் ஊதியமும் உணவும் உறையுளும் லின்னேயஸுக்கு உறுதியாயின. இந்நிகழ்ச்சியை வரலாறு எழுதுவோர் நகைச்சுவையாகவே எடுத்துரைக்கின்றனர். எமக்கோ அவ்வாறு சிரித்துவிட்டு மேற்செல்ல இயலவில்லை. ஒரு நூற்படியும் ஒரு புலவனும் ஒரே விலையில் வைக்கப்பெற்ற அவ்வேளையை நினைவிற் கொண்டே பின்வரும் புகழுரையைப் படித்தல் வேண்டும்.

புகழுரை கிளிபோர்டை நோக்கிப் பேசுவதாக அமைந்தது. தோட்டத்துள் நுழைந்த புலவன் தான் கண்டவற்றைக் கண்ட முறையிலேயே சொல்லிச் செல்கின்றான். பூம்பாத்திகள், நீர்நிலைகள், அயல்நாட்டு விலங்குகள், பறவைகள் ஆகியவற்றைக் கடந்து, செடிகளை வெப்பத்திற் பேணும் வீடுகள் நான்கை அடைகின்றான். தென் ஐரோப்பியச் செடிகள் ஒரு வீட்டில். ஆசியச் செடிகள் மற்றொன்றில். ஆப்பிரிக்கச் செடிகள் வேறொன்றில். அமெரிக்கச் செடிகள் நான்காவதில். புராணப் பெயர்கள் அளவிறந்து விரவி வருவது இவ்வுரையின் குறையே. ஆயின் உரையின் கட்டுக்கோப்பு புனைவன்று. வாணிகக் கப்பல்கள் எவ்வெத்திசைக்குச் சென்று மீண்டனவோ அவ்வத்திசையே வீடாக நிற்கின்றது. செல்வம் சென்ற வழியே செடியும் வந்தது என்பதனைப் புகழுரை தன்னை அறியாமலே பதிவு செய்துவிடுகின்றது.

இனி நூலின் உள்ளே புகுவோம். புகுந்தவுடன் அந்நான்கு வீடுகளும் காணாமற் போகின்றன! முதல் வகுப்பில் அமெரிக்கக் கல்வாழையும் ஆசிய இஞ்சியும் அடுத்தடுத்து நிற்கின்றன. மகரந்தத்தாள் ஒன்றே உடைமையால் அவை ஓரினப்பட்டன. இவ்வாறே மகரந்தத்தாளின் எண், அளவு, சேர்க்கை முதலியன நோக்கி இருபத்துநான்கு வகுப்புகளாகத் தோட்டம் முழுவதும் பிரித்துக் கோக்கப்படுகின்றது. இம்முறை கிளிபோர்டின் இல்லத்திற் பிறந்ததன்று. 1735-இல் லைடன் நகரில் அச்சேறிய ‘சிஸ்டமா நேச்சுரே’ என்னும் சிறுநூலிலேயே லின்னேயஸ் இதனை வகுத்துவிட்டார். அதன் அச்சுச் செலவை ஏற்றோர் கிரோனோவியஸ், லாசன் என்னும் நண்பர் இருவர். எனவே புலவன் தன் முறையைக் கையிற்கொண்டே புரவலன் வாயிலுக்கு வந்தான் என்பது போதரும். முறைக்கு வேண்டிய உயிர்ச்செடியும் உலர்செடியும் நூலகமும் புரவலன் தந்தவை.

முகப்பில் உடைமையின் வரிசை. உள்ளே அறிவின் வரிசை. இவ்விரண்டும் ஒரே அட்டைக்குள் அமைந்திருத்தலே இந்நூலைப் பற்றி யாம் சொல்லக் கருதிய செய்தி. புகழுரையைத் தாண்டிச் செல்வோர் இம்மாற்றத்தை உணரார். வீடு நான்காக நின்ற தோட்டத்தை முதலிற் கண்டவனுக்கே அது கலைக்கப்பட்டமை புலனாகும்.

இதற்கு வலுவான சான்று புரவலன் பெயராலேயே அமைந்த செடியிற் கிடைக்கின்றது. நன்னம்பிக்கை முனைப் பகுதியில் வளரும் முள்ளிலைப் புதரினம் ஒன்றற்கு லின்னேயஸ் ‘கிளிபோர்ட்டியா’ எனப் பெயரிட்டார். செடிகட்கு அறிஞர் பெயரையும் ஆதரித்தோர் பெயரையும் இடுவது தகும் என்பது அவர் கொள்கை. அதே 1737-இல் வெளியிட்ட ‘கிரிட்டிகா பொட்டானிகா’ என்னும் நூலில் அதற்கு வழக்கும் உரைத்தார். நம் ஆத்தி சேர்ந்த பேரினத்திற்குப் பௌகினியா என்று பெயர். இரு பிளவாக நிற்கும் அதன் இலை, பௌகின் குடும்பத்து உடன்பிறந்தார் இருவரைக் குறிக்கும் என்றார். கானாவாழையின் பேரினமாகிய கொம்மெலினாவில் எடுப்பான இதழ் இரண்டும் மங்கலான இதழ் ஒன்றும் உள்ளன. கொம்மெலின் என்னும் பெயருடையார் மூவருள் இருவர் புகழ்பெற்றனர், ஒருவர் ஒன்றும் முடிக்காமுன் இறந்தார் என்று பொருத்தம் காட்டினார். நகைச்சுவையும் கூர்மையும் ஒருங்கே உடையவர்.

கிளிபோர்ட்டியாவோ பூவிதழே இல்லாதது. ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனிச் செடியிற் பூப்பது. ஆதலின் அது இருபத்திரண்டாம் வகுப்பிற் சென்று சேர்ந்தது. தோட்டத்தின் உரிமையாளர், தம் பெயர் தாங்கிய செடியைத் தம் நூலின் கடைப்பகுதியிலேதான் தேடிக் காணுதல் வேண்டும். இதனைக் கொண்டு புலவன் புரவலனை எள்ளினான் எனக் கூறுதல் மிகையாகும், அவ்வாறு கொள்ளற்க. பூ எவ்விடத்திற்கு உரியதோ அவ்விடத்தில் வைத்தான் என்பதே உண்மை. அதுவே பெரிதுமாம். ஊதியம் கொடுத்தவனுக்காக வகுப்பு ஒன்றும் முன் நகரவில்லை.

வாழைக்கும் இதுவே நேர்ந்தது. ஹார்ட்டகாம்ப் தோட்டத்திற்குப் பெரும்புகழ் தேடித் தந்தது 1736-இல் அங்குப் பூத்துக் காய்த்த வாழை. முற்றத்து வாழையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் வியப்பு தோன்றாது. ஆலந்தின் குளிரில் வாழையைப் பூக்கச் செய்தல் அந்நாளில் அரிய செயல். கொழுவிய மண்ணில் நட்டு, சில கிழமை நீர் விடாது காயவைத்து, பின்னர் வெப்ப நாட்டு மழைபோல மிகுதியாக நீர் பெய்யுமாறு லின்னேயஸ் பணித்தார். செடியின் பிறந்தநாட்டுப் பருவத்தை வீட்டினுள் நடித்துக் காட்டியது போன்றது இச்செயல். நெருப்புக்கும் கண்ணாடிக்கும் கிளிபோர்டின் பொருள். பருவத்தை எண்ணிப் பார்த்தது லின்னேயஸின் அறிவு. இவ்வெற்றியை ‘மூசா கிளிபோர்ட்டியானா’ என ஒரு தனிநூலாகவே அவர் 1736-இல் வெளியிட்டார். ஆயினும் பெருநூலில் வாழை இருபத்துமூன்றாம் வகுப்பினதே.

இதுகாறும் கூறியவற்றால் புரவலன் துணை எளிதிற் கிடைப்பது எனக் கருதுவார் உளராயின், பீட்டர் ஆர்த்தெதி என்பாரின் முடிவை நினைத்தல் வேண்டும். உப்சாலாவில் லின்னேயஸோடு ஒருங்கு கற்ற நண்பர் இவர். மீன்களை வகுத்து ஆராய்வதில் வல்லவர். இருவருள் ஒருவர் இறப்பின் மற்றவர் அவர்தம் எழுத்தை வெளியிடுதல் வேண்டும் என்று தமக்குள் உறுதி செய்திருந்தனர். 1735-இல் வறுமையோடு ஆலந்தை அடைந்த ஆர்த்தெதியை, ஆம்ஸ்டர்டாமில் அரும்பொருள் திரட்டிவைத்த செபா என்னும் மருந்து வணிகரிடம் லின்னேயஸ் சேர்ப்பித்தார். லின்னேயஸ் கிளிபோர்டின் இல்லம் புகுந்த அதே செப்டம்பர் மாத இறுதியில், செபாவின் வீட்டிலிருந்து இரவில் திரும்பிய ஆர்த்தெதி கால்வாயில் வீழ்ந்து இறந்தார். தமக்கு வரவேண்டிய கடனுக்காக அவருடைய கைப்படிகளை வீட்டுக்காரர் பற்றிக்கொண்டார். கிளிபோர்டு பணம் செலுத்தி அவற்றை மீட்டு லின்னேயஸிடம் அளித்தார். ‘இக்தியோலோகியா’ என்னும் அம்மீன்நூல் 1738-இல் லைடனில் வெளிவந்தது. மீன்நூற் புலமைக்கு அடித்தளமாகப் போற்றப்படும் அந்நூல், ஒரு வாடகைக் கடனுக்காக அழிந்திருக்கவும் கூடும். கிளிபோர்டின் வள்ளன்மைக்கு எத்தனை வீடு நிறைந்த செடிகளையும்விட இச்சிறு தொகையே சிறந்த சான்று என்பது எம் கருத்து. இது புகழுரையின் சொற்பெருக்கிலும் பேசப்படுவதற்குத் தகுதி உடையது.

புகழுரை பேசாதவற்றையும் கூறுதல் திறனாய்வார் கடன். தோட்டத்தில் நாள்தோறும் மண்ணிற் கைவைத்தவர் டீட்ரிக் நீட்செல் என்னும் செருமானியத் தோட்டக்காரர். பிற்காலத்தில் உப்சாலாப் பல்கலைக்கழகத் தோட்டத்திற்கே வரவழைக்கப்பெற்ற திறமையாளர். தொலைநாடுகளிற் செடியைத் தேடிப் பறித்தோர், பெயர் சொல்லிக் கொடுத்தோர், கப்பலில் நீரூற்றிக் காத்தோர் ஆகியோர் வரிசை இன்னும் நீளும். மலையாளக் கரைச் செடிகளைப் பற்றி வான் ரீட் தொகுத்த ‘ஹார்ட்டஸ் மலபாரிகஸ்’ (1678–1693) என்னும் பன்னிரு தொகுதிகளை லின்னேயஸ் பல இடங்களிற் சான்று காட்டுகின்றார். அதனால் அந்நாட்டு மக்கள் வழங்கிய செடிப்பெயர்கள் சில, அவர்தம் நூலில் மேற்கோளாகவேனும் ஒட்டிக்கொண்டுள்ளன. புரவலன் ஒருவனையே நோக்கிய புகழுரையில் இம்மக்களுக்கு இடமில்லை. இக்குறை லின்னேயஸ் ஒருவருடையது அன்றாயினும் குறை குறையே.

முகப்போவியம் பற்றியும் ஒரு சொல். யான் வான்டெலார் பொறித்த அப்படத்தில் முடியணிந்த நிலமகள் வீற்றிருக்க, ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அமெரிக்காவும் மகளிர் வடிவில் செடிகளை ஏந்தி வருகின்றன. இருளை விலக்கி ஒளியோடு தோன்றும் அப்பொல்லோ தேவனின் முகம் இளைய லின்னேயஸின் முகமே என்பர். பணம் கிளிபோர்டுடையது. விற்பனைக்கன்றித் தம் நண்பர்க்கும் அறிஞர்க்கும் பரிசாக வழங்கவே அவர் இந்நூலை அச்சிடுவித்தார். கூலிபெறும் மருத்துவனின் முகம் தேவன் தோளில் அமர்வதை அவர் தடுக்கவில்லை. புரவலருட் பலர்க்கு வாய்க்காத பெருந்தன்மை இது.

ஒன்பது திங்களில் இப்பெருநூலை எழுதி முடித்த லின்னேயஸ், உழைப்பாற் சோர்ந்து 1737-இன் இலையுதிர் காலத்தில் ஹார்ட்டகாம்பை நீங்கினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் லைடனில் நோயுற்றபோது மீண்டும் கிளிபோர்டின் இல்லமே அவரைத் தாங்கியது. பின்னர்ப் பாரிசு வழியாகத் தம் நாடு திரும்பினார்.

கிளிபோர்டு குடும்பத்தின் வங்கி 1772-இல் முறிந்தது. உலர்செடித் தொகுப்பை 1791-இல் ஜோசப் பேங்க்ஸ் விலைக்கு வாங்கினார். இன்று அது இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தில் உள்ளது. அதன் ஏடுகளில் செடித்தண்டின் அடி ஒட்டப்பெற்ற இடத்தில் அணிவேலை நிறைந்த பூச்சாடி ஒன்றன் அச்சுப்படம் இருக்கும். காய்ந்த கொம்பு அச்சாடியினின்றே எழுவது போலத் தோன்றும். 1753-இல் லின்னேயஸ் ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ நூலில் இட்ட பெயர்கள் பலவற்றிற்கு மூலச்சான்று வேண்டுவோர் அவ்வேடுகளையே எடுத்து நோக்குகின்றனர்.