ஒத்துழைப்பும் உரிமையும்: பூனா காட்டும் சான்று

2025 பிப்ரவரி 22 அன்று பூனா நகரில், மேற்கு மண்டல மன்றத்தின் 27ஆவது கூட்டம் மத்திய உள்துறை மந்திரியின் தலைமையில் கூடிற்று. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இழைக்கப்படும் பாலியல் கொடுமைகளை விரைந்து விசாரித்தல், ஆபத்து வேளையில் 112 என்னும் எண்ணை அழைத்தோருக்கு உதவி வந்து சேரச் செய்தல், ஒவ்வொரு கிராமத்துக்கும் ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் வங்கி அமையச் செய்தல் என்று அங்கே பேசப்பட்டவை யாவும் ஜனங்களின் க்ஷேமத்தைச் சார்ந்த விஷயங்கள். அவற்றில் எந்த முதலமைச்சரும் மாறுபட்ட அபிப்பிராயம் கொள்ள இடமில்லை. ஆயினும் 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டத்தால் பிறந்த இம்மன்றங்களுக்கு ஆலோசனை கூறும் தகுதி உண்டேயன்றி, கூறியதை நிறைவேற்றும் அதிகாரம் இல்லை. பிராந்தியத் தலைவர்கள் மத்திய சர்க்காருடன் இணங்கிச் செல்வது நாட்டுக்கு நன்மை என்பதை எல்லோரும் ஒப்புவர். அவ்விணக்கம் ஆளுவோரின் நல்லெண்ணத்தின்மேல் நிற்கிறதா, எழுதிவைத்த விதியின்மேல் நிற்கிறதா என்ற வினாவை எழுப்புவோர் சிலரே. அதை ஆராய முற்படுவோருக்குப் பூனாவைக் காட்டிலும் தக்க ஊர் பாரதத்தில் இல்லை என்பது என் கருத்து.

அவ்வூரின் பெர்குஸன் கல்லூரியில் ஆசிரியராய் இருந்த கோபால கிருஷ்ண கோகலே, 1902இல் வைசிராயின் சட்டசபையில் தம் முதல் வரவுசெலவுப் பிரசங்கத்தை நிகழ்த்தியபோது, பஞ்சமும் பிளேக்கும் ஜனங்களை வாட்டிக்கொண்டிருக்கையில் கஜானாவில் பணம் மிஞ்சுவது பெருமைக்குரியதாகாது, அது தேவைக்கு மேல் வரி வாங்கியதன் அடையாளமே என்று, சர்க்கார் வெளியிட்ட கணக்குகளையே ஆதாரமாகக் கொண்டு நிறுவினார். மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி 1903இல் இரண்டு ரூபாயாகவும், 1905இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் இறங்கிற்று. அதற்கு அவர் ஒருவரே காரணம் என்பது மிகை. ஆனால் ஆண்டுதோறும் சலியாமல் கணக்கோடு வந்து நின்ற அந்த ஆசிரியரின் குரலை அதிகாரிகள் புறக்கணிக்க இயலாமற்போனது மெய். ஒத்துழைப்பின் முதல் வலிமை இந்த ஆயத்தமே. எதிரே இருப்பவரைவிட நன்றாக விஷயம் அறிந்தவனுக்கே அவரோடு சேர்ந்து உட்காரும் தகுதி வருகிறது.

தமிழர் மறக்கலாகாத செயல் ஒன்றும் அவருக்கு உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டோர் தமிழரும் தெலுங்கருமாகவே பெரிதும் இருந்தனர். அவ்வாள்சேர்ப்பைத் தடுக்கும் அதிகாரம் வேண்டுமென்று 1910 பிப்ரவரியில் கோகலே கொணர்ந்த தீர்மானத்தை சர்க்கார் ஏற்றுக்கொண்டது. 1911 ஜூலை முதல் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது. எத்தனை ஆயிரம் குடும்பங்கள் அதனால் பிரியாமல் பிழைத்தன என்று எண்ணும்போது, மிதவாதம் என்று அக்காலத்து இளைஞர் இகழ்ந்த முறையின்மேல் நமக்கு மதிப்பு உண்டாகிறது.

ஆனால் அதே சபையில் அதே மனிதர் அதே ஆயத்தத்தோடு 1911 மார்ச்சில் கொணர்ந்த ஆரம்பக் கல்வி மசோதாவின் கதி வேறாயிற்று. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்களைப் பள்ளிக்கு அனுப்பும்படி பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை, அதுவும் மாகாண சர்க்காரின் முன் அனுமதியோடு, நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் விரும்பினால் மட்டும் மேற்கொள்ளலாம் என்று சொன்ன மிக அடக்கமான யோசனை அது. 1912 மார்ச்சில் 38 வாக்குகளுக்கு 13 என்ற கணக்கில் அது வீழ்த்தப்பட்டது. நேட்டால் தீர்மானத்தால் கஜானாவுக்குச் செலவில்லை. கல்வியால் செலவு உண்டு. சபையில் உத்தியோகஸ்தரின் பெரும்பான்மை இருக்கும் வரையில், கோகலேயின் வெற்றிகள் யாவும் ஆளுவோர் மனமிரங்கியபோது கிட்டியவையே என்பதை அத்தோல்வி தெளிவாகக் காட்டிற்று.

இதனினும் கவலைக்குரியது மற்றொன்று. 1907இல் அரசத்துரோகக் கூட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை வன்மையாக எதிர்த்த அவர், 1910இல் பத்திரிகைச் சட்டம் வந்தபோது எதிர்த்து நிற்கவில்லை. அவருடைய ஊரின் மற்றொரு தலைவரான திலகர் தம் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளுக்காக மாந்தலேச் சிறையில் கிடந்த காலம் அது. சீர்திருத்தத்துக்காக ஒரு சர்க்காரோடு சேர்ந்தவன் பாதுகாப்பின் பெயரால் அது செய்யும் காரியங்களிலும் மெல்ல மெல்லப் பங்காளியாகிவிடும் அபாயம், கோகலேயைப் போன்ற தூயவரையே விடவில்லையென்றால், மற்றவரைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 1919 டிசம்பரில் அமிர்தசரஸ் காங்கிரஸில், கிடைப்பதற்கு ஏற்ற அளவே ஒத்துழைப்போம் என்று திலகர் கொண்ட நிலை இக்குறைக்கு ஓரளவு மருந்து. எனினும் எது கிடைக்கும் என்பதை மறுதரப்பே நிச்சயிக்கிறது என்ற அடிப்படை அதிலும் மாறவில்லை.

சுதந்திரத்துக்குப் பின், மகாராஷ்டிரத்தின் முதல் முதலமைச்சரான யசவந்தராவ் சவாண் நடந்த வழியையும் சுருக்கமாகப் பார்க்கலாம். மராத்தி பேசுவோர் கோரிய ஐக்கிய மகாராஷ்டிரத்தைவிட நேரு பெரியவர் என்று கூறியதற்காக அவர் தம் மக்களிடமே பெரும் பழியைச் சுமந்தார். அதற்கான கிளர்ச்சியில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர்; 1957 தேர்தலில் மேற்கு மகாராஷ்டிரம் காங்கிரஸைத் தண்டித்தது. 1960 மே 1 அன்று தனி மாநிலம் பிறந்தது. தெருவில் நின்றவர் உயிரைக் கொடுத்ததும் உள்ளே இருந்தவர் வாதாடியதும் சேர்ந்தே அதைப் பெற்றன என்பதை மறைத்து, சவாணின் சாதுரியத்தை மட்டும் பாராட்டுவது நியாயமன்று. 1962இல் சீனப் படையெடுப்பின்போது அவர் முதல்வர் பதவியை விட்டுப் பாதுகாப்பு மந்திரியாக டில்லி சென்றது, பிராந்தியத் தலைவனின் தேசபக்தியில் ஐயமுறுவோருக்குப் போதுமான விடை.

இம்மரபில் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர் அரசியல்வாதியல்லாத ஒருவர். கோகலே 1905 ஜூன் 12 அன்று பூனாவில் நிறுவி, அவருக்குப்பின் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் தலைமை தாங்கிய இந்திய ஊழியர் சங்கத்தின் இடத்திலேயே, 1930இல் கோகலே அரசியல் பொருளாதாரக் கழகம் தோன்றியது. அதன் முதல் இயக்குநரான தனஞ்சயராவ் காட்கில் 1967இல் திட்டக் கமிஷனின் துணைத் தலைவரானார். அதுவரை மாநிலங்களுக்குத் திட்ட உதவி வழங்குவதில் மத்திய சர்க்காரின் விருப்பத்துக்கே பேரிடம் இருந்தது; டில்லியில் செல்வாக்குள்ள முதலமைச்சருக்கு ஒரு நீதி, இல்லாதவருக்கு ஒரு நீதி என்ற மனத்தாங்கல் வளர்ந்தது. 1969இல் தேசிய வளர்ச்சி மன்றம் ஏற்ற காட்கில் சூத்திரம், விசேஷ நிலையிலிருந்த அஸ்ஸாம், நாகாலாந்து, ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றின் தேவையை முதலில் ஒதுக்கியபின், எஞ்சியதில் நூற்றுக்கு 60 பங்கை ஜனத்தொகைக்கும், தனிநபர் வருமானம், வரி முயற்சி, நடைபெற்றுவரும் பெரிய பாசன மின் திட்டங்கள், மாநிலத்தின் தனிப் பிரச்னைகள் ஆகியவற்றுக்குப் பப்பத்துப் பங்கையும் வகுத்தது. எழுத்தில் இறங்கிய அளவிலேயே, கெஞ்சிப் பெறும் தொகை கேட்டுப் பெறும் பங்காயிற்று. சூத்திரத்தில் குறைகள் உண்டு. ஏழை மாநிலங்களுக்கு அது போதிய அளவு சாயவில்லை என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் குறையுள்ள விதியைத் திருத்தலாம். விதியே இல்லாத தயவைத் திருத்த வழியில்லை.

மகாராஷ்டிரம் தந்த மற்றொரு கொடை வேலை உறுதித் திட்டம். வி. ச. பாகே வகுத்து, 1972இன் கொடிய வறட்சியில் விரிந்து, 1977இல் சட்டமாகி, 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அத்திட்டம், நகரத்தாரின் தொழில் வரியைக் கொண்டு கிராமத்தாருக்கு உடலுழைப்பு வேலையைச் சட்ட உரிமையாக்கிற்று. 2005இல் தேசம் முழுவதற்கும் சட்டம் இயற்றியபோது மத்திய சர்க்கார் இதனையே முன்மாதிரியாகக் கொண்டது. மாநிலம் சோதித்துக் கண்டதைத் தேசம் ஏற்பதினும் உயர்ந்த ஒத்துழைப்பு வேறில்லை. எனினும் கூலிப் பணம் டில்லியிலிருந்து வரத் தொடங்கியபின், 2022 மார்ச்சில் மேற்கு வங்கத்துக்கு அது நிறுத்தப்பட்டபோது, நிர்வாகத்தில் முறைகேடு என்ற குற்றச்சாட்டின் தண்டனை மண்வெட்டி பிடித்த ஏழையின்மேல் விழுந்தது.

பாதுகாப்பில் நிலைமை இன்னும் கடினம். 2008 நவம்பரில் பம்பாயில் நிகழ்ந்த படுகொலையின் துக்கத்தில் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம் எளிதில் நிறைவேறியது. மாநிலத்தின் சம்மதமின்றியே வழக்கை எடுத்துக்கொள்ள அது இடந்தருகிறது. 2020 ஜனவரியில், பூனா போலீசார் தொடங்கிய பீமா கோரேகாவ் கலவர வழக்கை மறுபரிசீலனை செய்வதுபற்றி மாநிலத்தின் புதிய சர்க்கார் பேசிக்கொண்டிருக்கையில், மத்திய சர்க்கார் அதை அம்முகமைக்கு மாற்றிற்று. வழக்கின் தன்மை எவ்வாறாயினும், துக்க வேளையில் மனமுவந்து கொடுத்த அதிகாரம் திரும்பி வருவதில்லை என்பதை மாநிலங்கள் அன்று உணர்ந்தன.

சீர்திருத்தத்தின் பெயரால் 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரிக்காக மாநிலங்கள் தம் வரி அதிகாரத்தின் பெரும்பகுதியை ஒப்படைத்தன. ஈடுசெய்யும் ஏற்பாடோ ஐந்தாண்டோடு முடிந்தது. மத்திய சர்க்காரின் மேல்வரிகளும் கூடுதல் வரிகளும் மாநிலங்களுக்கான பகிர்வுக்குள் வருவதில்லை. காட்கில் சூத்திரத்தின்படி வழங்கிய உதவியும் 2015-16இல் நின்றுவிட்டது. ஆகவே முதலமைச்சர்கள் மண்டல மன்றங்களில் இன்முகத்தோடு அமர்வதோடு நில்லாமல், அரசியலமைப்பின் 263ஆம் விதியின்படி 1990இல் நிறுவப்பெற்ற மாநிலங்களிடை மன்றத்தை ஆண்டுதோறும் கூட்டவும், நிதிப் பகிர்வுக்கு எழுதப்பட்ட சூத்திரம் ஒன்றை மீண்டும் இயற்றவும், கட்சி வேறுபாடின்றி ஒருமித்து வற்புறுத்தவேண்டும். தமிழ்நாடு அக்கோரிக்கையை மகாராஷ்டிரத்தோடு சேர்ந்து எழுப்பவேண்டும்.