புறம்போக்கும் நெய்தலும்: ஓர் இசைக் குறும்படத் திறனாய்வு

அரங்கிற்குரிய கலை தெருவிலும் திறந்த வெளியிலும் நிகழுங்கால், அவ்விடம் வெறும் பின்னணியாக நிற்கின்றதா, கலையின் பொருளாகவே ஆகின்றதா என்பது ஆராயத்தக்கது. 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ என்னும் இசைக் குறும்படத்தை இவ்வினாவுடன் நோக்குவோம். கபேர் வாசுகி யாத்த பாடலுக்கு ஆர். கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, டி. எம். கிருஷ்ணா பாட, ரதீந்திரன் பிரசாத் படமாக்கினார். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகமே அதன் களம்.

ஆனந்தபைரவி, பேகடை, தேவகாந்தாரி, சிந்துபைரவி முதலிய இராகங்கள் சென்னைப் பேச்சுத் தமிழைத் தாங்கி வருவது இப்படத்தின் முதற் புதுமை. சொல்லாராய்ச்சியே அதன் உயிர்நிலை. புறம்போக்கு என்பது, வரிக்குரிய விளைநிலத்திற்குப் புறம்பாக, ஊர்ப்பொதுவுக்கென விடப்பட்ட நிலத்தைக் குறித்த வருவாய்த்துறைச் சொல். ஏரி, மேய்ச்சல் நிலம், சுடுகாடு ஆகியன அதன்பாற்படும். பின்னர் அது வசைச்சொல்லாயிற்று. பொதுநிலம் இழிவாக எண்ணப்பட்ட வரலாறே அச்சொல்லின் இழிபும் ஆகும். அதனைச் செவ்விய இராகத்தில் நிறுத்திப் பாடும்பொழுது சொல் தன் பழம்பொருளை மீளப் பெறுகின்றது.

தொல்காப்பிய நெறியான் நோக்கின், இப்படத்தில் முதற்பொருளாகிய நெய்தல் நிலம் உண்டு. அதன் உரிப்பொருளாகிய இரங்கலும் உண்டு. ஆங்குத் தலைவி பிரிவிற்கு இரங்குவாள். ஈண்டு நிலமே இழக்கப்பட்டமைக்கு இரங்கல் எழுகின்றது. எனவே இடம் பின்னணியன்று, பாடுபொருளே என்று துணியலாம்.

எனினும் ஒரு குறை காண்கின்றோம். கருப்பொருளுள் ஒன்றாகிய தொழில் போதிய இடம் பெறவில்லை. நாம் கேட்பது பாடகர் குரலே. கழியை நம்பி வாழ்வோர் குரலன்று. எண்ணூர்க் கழிமுகத்தைப் பக்கிங்காம் கால்வாய் பழவேற்காட்டு ஏரியோடு இணைக்கின்றது. சுண்ணாம்புக்குளம் முதலான சிற்றூர்கள் அவ்வேரியைச் சார்ந்தவை. ஏரியின் மீனவர் ஊர்கள் சிலவற்றில் ‘பாடு’ என்னும் முறை வழங்குகின்றது. இறால் வலையிடும் இடங்களை எவரும் தனியுடைமையாகக் கொள்ளாது, உரிமையுடையோர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். பொதுநீர் ஆளற்ற நீரன்று. ஒழுங்குடைய நீர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

பொதுநிலத்தை ஆலைக்கு ஒதுக்குவோர் அதனை ‘வெறுநிலம்’ என்றே கூறுவர். அக்கூற்றை மறுக்க அழிவைக் காட்டுதல் மட்டும் போதாது. அழிக்கப்படும் முறைமையையும் காட்டல் வேண்டும். இப்படம் சொல்லை மீட்டது. அச்சொற்குரிய மாந்தரின் வாழ்வொழுங்கைப் பாடுவது இனி வருங்கலைஞர் கடன் என்பது எம் துணிபு.