பிச்சாவரத்தை வேரிலிருந்து பார்க்கலாம்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கடற்கரை கிடையாது. ஆனால் இரண்டு மாவட்டத்துத் தண்ணீரும் கடலுக்குப் போகும் இடங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆத்தூரைக் கடக்கும் வசிஷ்ட நதியும் கொல்லிமலையில் பிறக்கும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கின்றன. மோகனூரைத் தொட்டுப் போகும் காவிரி, முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து பழையாறு அருகே கடலைச் சேர்கிறது. இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கு நடுவே, சிதம்பரத்துக்குக் கிழக்கே, சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

‘இதயக்கனி’ படத்தில் எம்.ஜி.ஆர். படகில் போன இடம் என்று ஒரு சுற்று சுற்றி, செல்ஃபி எடுத்துக்கொண்டு கரையேறுகிறவர்கள் நிறைய. காட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் மோட்டார் படகை விட்டுவிட்டுத் துடுப்புப் படகில் ஏற வேண்டும். குறுகிய வாய்க்கால்களில் அதுதான் நுழையும். சத்தமில்லாததால் கொக்கும் மீன்கொத்தியும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் வேர்கள். மரத்திலிருந்து வில்லாக வளைந்து நீருக்குள் இறங்கினால் அது சுரபுன்னை. சேற்றைக் கிழித்துக்கொண்டு குச்சி குச்சியாக மேலே நீட்டியிருந்தால் அவை வெண்கண்டலின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்றோட்டம் இல்லை. அதனால் வேர் வெளியே வந்து சுவாசிக்கிறது.

வெண்கண்டல் இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உள்ளே ஏறிய உப்பை இலை வழியே கசியவிடும் மரம் அது. சுரபுன்னை பெரும்பங்கு உப்பை வேரிலேயே தடுத்துவிடும். ஆனால் எந்த இலையையும் படகுக்காரரிடம் கேட்காமல் தொடக் கூடாது. நடராசர் கோயிலின் தல விருட்சமான தில்லையும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சுரபுன்னைக் கிளையில் முருங்கைக்காய் போலத் தொங்குவது உண்மையில் ஒரு நாற்று. விதை தாய்மரத்திலேயே முளைத்து நீண்ட பிறகுதான் கீழே விழுகிறது.

நீர் வற்றும் நேரம் வாய்த்தால் படகைச் சேற்றோரம் நிறுத்தச் சொல்லலாம். சிறிது நேரம் அசையாமல் இருந்தால் வளைக்குள் பதுங்கிய நண்டுகள் வெளியே வரும். அவற்றில் ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரியது. அதை உயர்த்தி ஆட்டிப் பெண் நண்டை அழைக்கும். பக்கத்திலேயே தங்கள் மீன்துடுப்புகளை ஊன்றிச் சேற்றில் தத்தும் மீன்களையும் காணலாம். ஆழமில்லாத இடங்களில் வெறுங்கையால் துழாவி இறால் பிடிப்பது இருளர்களின் தொழில்.

வலசைப் பறவைகளுக்காகப் போகிறவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்றது.

உப்புநீரில் நின்றாலும் இந்தக் காட்டுக்கு ஆற்றுநீர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வெள்ளம்தான் உவர்ப்பைத் தணிக்கிறது. அந்த நீரைக் கொண்டுவரும் ஆறுகளில் ஒன்றான வசிஷ்ட நதியில் சேகோ ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் கலப்பதாக ஆத்தூர்ப் பக்கத்தில் நெடுநாளாகவே புகார் இருக்கிறது. பிச்சாவரம் போய்வரும் சேலத்துக்காரர்கள் அந்தப் புகாரில் தங்கள் கையெழுத்தையும் சேர்க்க வேண்டும்.