மதீனாப் பாடநூலும் நம் வகுப்பறைத் தமிழும்

வாணியம்பாடியில் 1933இல் பிறந்து, 2023இல் மதீனாவில் மறைந்த டாக்டர் வி. அப்துர் ரஹீம் (ரஹ்) அவர்கள், மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களுக்கென எழுதிய ‘துரூஸுல் லுகத்தில் அரபிய்யா’ இன்று உலகெங்கும் ஓதப்படுகிறது. நம் கல்லூரிகளும் மொழி மையங்களும் அதனை ஏற்றுக்கொண்டன. ஏற்ற விதம்தான் ஆராயத்தக்கது.

மீஸானும் ஹிதாயதுந் நஹ்வும் ஓதி வந்த எம்மனோர் விதியை முதலில் மனனம் செய்தோம். வாக்கியம் பிறகே வந்தது. அன்னாரின் நூல் வாக்கியத்தை முன்வைத்து விதியை அதனுள்ளிருந்தே உணர வைக்கிறது. பன்னாட்டு மாணவர் ஒருங்கே அமரும் வகுப்புக்காக எழுதப்பட்டதால், எவருடைய தாய்மொழியையும் அது துணைக்கு அழைக்கவில்லை. அங்கே அது தகும். கோவையில் நமக்கு அந்நிலை இல்லை; எதிரில் இருப்பவர் யாரென அறிவோம். இருந்தும், நான் கண்ட வகுப்புகள் பலவற்றில் அந்நூலை ஆங்கில வழியே விளக்குகின்றனர்!

‘ஹாதா பாபுன்’ என்பதைத் தமிழில் ‘இது கதவு’ என்கிறோம். இரண்டிலும் வினைச்சொல் இல்லை. ஆங்கிலத்திற்கு ‘இஸ்’ வேண்டும். கோட்டைமேட்டில் உருது பேசும் பிள்ளைக்கு ‘ஹை’, பாலக்காட்டிலிருந்து வருபவருக்கு ‘ஆணு’ வேண்டும். தமிழ் மாணவருக்கு முதல் பாடம் ஏற்கெனவே தெரிந்த பாடம். அவரிடம் போய் ‘இஸ்’ மறைந்திருக்கிறது என்று விளக்குவது வீண்சுமையன்றோ?

இதனினும் வலுவான சான்று பன்மையில் உண்டு. மனிதரைச் சுட்ட ‘ஹாவுலாயி’, நூல்களைச் சுட்ட ‘ஹாதிஹி’. அரபு இலக்கணிகள் ஆகில், கைர் ஆகில் எனப் பகுத்ததற்கு நெருங்கிய பகுப்பையே தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணை, அஃறிணை என்று தொடக்கத்திலேயே நிறுவுகிறது. ‘இவர்கள்’, ‘இவை’ எனப் பிரித்துப் பேசும் சிறுவனுக்கு இவ்விதி ஒரு நொடியில் விளங்கும். ஆங்கிலத்தின் ‘தீஸ்’ இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பும்.

டாக்டர் அவர்களே ஆங்கில விளக்க நூல்கள் எழுதினார்கள். ஆங்கிலம் அறிந்த உலக வாசகருக்கு அவை பயன்பட்டன. தமிழின் அமைப்பைக் கொண்டு அரபியை விளக்கும் பணி, அரபியை முதற்பகுதி மொழிப்பாடமாக வைத்திருக்கும் நம் பல்கலைக்கழகங்களுக்கு உரியது. அதனை மூலநூலின் குறையாகச் சொல்வது நியாயமாகாது.

தமிழ் எல்லா இடத்தும் கைகொடுக்காது என்பதும் உண்மை. ‘ஷம்ஸ்’ பெண்பால், ‘கமர்’ ஆண்பால் என்பதற்கும், இருமை எண்ணுக்கும் நம்மிடம் ஒப்புமை இல்லை. அவ்விடங்களில்தான் ஆசிரியர் நின்று நிதானித்துப் பயிற்சி தர வேண்டும். இப்போது அந்த நேரம் ‘இஸ்’ஸை விளக்குவதில் போய்விடுகிறது.