அறிவியலைச் சொல்ல ஒரு பட்டம்

அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்வதற்கு முதுகலைப் பட்டம் வேண்டுமா என்ற கேள்விக்கு பிரிட்டனில் பதில் தேடுவது நல்லது. அந்தப் படிப்பு அங்கே எந்த நம்பிக்கையில் பிறந்தது, அந்த நம்பிக்கை எப்படி ஆட்டம் கண்டது என்ற இரண்டுக்கும் ஆவணம் இருக்கிறது. 1985இல் ராயல் சொசைட்டிக்காக வால்டர் பாட்மர் குழு தந்த அறிக்கை, பொதுமக்களின் அறிவியல் புரிதலை வளர்க்க வேண்டும், மக்களிடம் பேசுவது விஞ்ஞானிகளின் கடமை என்றது. 1991இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி அறிவியல் தொடர்பியலில் முதுகலை வகுப்பைத் தொடங்கியது. அன்று பரவலாக இருந்த அனுமானம் எளியது: தெரியாததால்தான் மக்கள் நம்பவில்லை, தெரியவைத்தால் நம்புவார்கள். அது சரியென்றால் பல்கலைக்கழகமே தேவையில்லை. நல்ல நடையும் கேமராவும் பழக்கும் சில மாதப் பயிற்சி போதும்.

அது சரியில்லை என்று காட்டியது வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள கம்ப்ரியாவின் மலைச்சரிவு. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்து, அதன் கதிரியக்கச் சீசியம் மழையோடு அங்கே இறங்கியது. ஜூனில் செம்மறிகளை விற்கவும் வெட்டவும் அரசு தடை போட்டது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். சில பண்ணைகளில் தடை நீங்க 2012 ஆயிற்று! நிபுணர்கள் களிமண்ணை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். களிமண் சீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மலையின் அமிலத்தன்மையுள்ள கரிமண்ணில் அது தங்காமல் புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும் ஏறியது. அந்த மேய்ப்பர்களிடம் பேசி ஆராய்ந்த சமூகவியலாளர் பிரையன் வின் இன்னொன்றையும் பதிவு செய்தார். சீசியத்தைக் கட்டக்கூடிய பெண்டோனைட் தூவிய நிலத்தில் வேலி போட்டு ஆடுகளை அடைத்துச் சோதித்தார்கள். திறந்த மலையில் மேய்ந்த ஆடு அடைத்தால் இளைத்துப்போகும் என்று மேய்ப்பர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்தக் காரணத்துக்காகவே சோதனை கைவிடப்பட்டது. பக்கத்திலேயே செல்லாஃபீல்டு அணு வளாகம், 1957இல் தீப்பிடித்த அதே இடம். மாசு அங்கிருந்தும் வந்திருக்குமோ என்று அவர்கள் ஐயப்பட்டதில் அறியாமை எங்கே இருக்கிறது? எவ்வளவு தெளிவாகத் துண்டறிக்கை அச்சடித்திருந்தாலும் நிபுணர்களின் கணக்கு திருந்தியிருக்காது.

இந்தப் பட்டம் இல்லாமலே வானியலாளர் கார்ல் சேகன் உலகத்தைக் கட்டிப்போட்டாரே என்பார்கள். உண்மைதான். ஆனால் சேகன் பேசியது பெரும்பாலும் வானத்தைப் பற்றி. கேட்பவரின் பிழைப்பு அதில் பணயமாக இல்லை. மாட்டிறைச்சி அப்படியல்ல. 1990இல், பைத்திய மாட்டு நோய் அச்சத்தின் நடுவே, பிரிட்டனின் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்களுக்கு முன் தம் மகளிடம் பர்கரை நீட்டி, பயமில்லை என்று காட்டினார். சொல்லும் உத்தி என்ற அளவில் அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 1996இல், அந்த நோய் மனிதருக்கும் வந்திருக்கக்கூடும் என்று அரசே அறிவித்தது. 2000இல் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று, அறிவியல்மீதான நம்பிக்கையே நெருக்கடியில் இருக்கிறது என்று எழுதும்படி ஆயிற்று.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இதைப் படித்தவர்கள் நிறுவனங்களின் செய்திப் பிரிவுகளில் அமர்ந்து விளம்பரம்தானே எழுதப்போகிறார்கள்? இதை முழுதாக மறுக்க முடியாது; சம்பளம் தருபவரைப் பகைத்து எழுதுபவர் எங்கும் குறைவு. ஆனால் அப்படி வேலைக்குப் போகிறவர்தான், தன் நிறுவனத்தின் கணக்கு எந்த மண்ணை வைத்துப் போடப்பட்டது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியை வேலையிடம் கற்றுத்தராது. எனவே சேர நினைப்பவர்கள் ஸ்டுடியோவைப் பார்த்து மயங்காமல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அறிவியலின் வரலாறும் சமூகவியலும் அதில் இல்லையென்றால் அந்தக் கட்டணம் தண்டம்.