உருவமில்லாத துணி: ஒட்டுத்தையலும் நமது விமர்சனமும்

உருவம் இல்லாத ஒரு கலைப்பொருளைக் கண்டால் நம்மவர்கள் உடனே ஒரு பெயரை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்: "இது இஸ்லாமியக் கலை." மிம்பரின் மரவேலைக்கும் அதே விளக்கம், கொம்பாஸ் வைத்து வரைந்த நட்சத்திரக் கோலத்துக்கும் அதே விளக்கம். ஆளையும் விலங்கையும் வரையாமல் ஒதுங்கியதால் வடிவம் பிறந்தது என்பது அதன் சாரம். எழுத்தணிக்கு இது ஓரளவு பொருந்தலாம். துணிக்குப் பொருந்துமா என்பதே என் கேள்வி.

நான் பேச வருவது ஒட்டுத்தையல் போர்வையைப் பற்றி. ஆங்கிலத்தில் குவில்ட் என்பார்கள். மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு படை, நடுவே பஞ்சோ பழந்துணியோ, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற நூலோட்டம். இப்போது இதையே ஒரு சாண், ஒரு முழம் அளவில் சுவரில் மாட்டும் சிறு படைப்புகளாகவும் செய்கிறார்கள். தேத்தண்ணிக் கோப்பை, கதவுக் கொண்டி, உடுப்புக் காயும் கொடி என்று வீட்டில் கிடக்கும் ஒரு பொருளைப் பார்ப்பது. அதை அச்சொட்டாக வரையாமல் அதன் கோட்டையும் நிறத்தையும் மட்டும் துணியில் எடுப்பது. இதுதான் முறை.

இதன் மூத்த சகோதரிகளை முதலில் பார்ப்போம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்திகள் வாழ்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளாக அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் வந்தவர்களின் பரம்பரை. அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவண்ட்' என்று பெயர். அடியில் பழைய சேலையை விரித்து, ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்துப்போய் நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் 'பூ' வைக்காமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. முன்கூட்டி வரைந்த மாதிரி கிடையாது. கையில் அகப்பட்ட துண்டே அடுத்த நிறத்தைத் தீர்மானிக்கிறது.

சித்திகளில் முஸ்லிம்களும் உண்டு, கத்தோலிக்கரும் உண்டு, இந்துக்களும் உண்டு. முஸ்லிம் பெண் சிலவேளை ஒரு பிறையை வைப்பாள், கத்தோலிக்கப் பெண் ஒரு சிலுவையை. மற்றபடி மூவர் போர்வையும் ஒரே கைப்பழக்கம்தான். உருவமின்மை மார்க்கத் தடையால் வந்திருந்தால் கத்தோலிக்கப் பெண்ணின் போர்வையில் மாதாவும் குழந்தையும் அல்லவா நிறைந்திருக்க வேண்டும்?

கடல் தாண்டி இன்னொரு சாட்சி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்தோடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர். பருத்தித் தோட்ட அடிமைகளின் பேத்திகள் அங்கே போர்வை தைத்தார்கள். பலருக்கும் பெட்வே என்றே குடும்பப் பெயர். அது தோட்ட முதலாளியின் பெயர். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் அடுக்கிய ஒரு வடிவத்தை 'வீட்டுக்கூரை' என்பார்கள், இன்னொன்றைச் 'செங்கல் அடுக்கு' என்பார்கள். மிசூரி பெட்வே 1942இல் தைத்த போர்வை அவர்களுள் பெயர்பெற்றது. இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்தது. இப்படிப்பட்ட போர்வைகளில் பொக்கற் பிரித்த இடம் வெளுக்காமல் கரும் சதுரமாக நிற்கும். முழங்கால் தேய்ந்த இடம் வெளிறிக் கிடக்கும். ஓவியர் தேடித் தேடி வைக்கிற நிறபேதத்தை உழைப்பே அந்தத் துணியில் வைத்துவிட்டது. 2002இல் இவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தபோது விமர்சகர்கள் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு வியந்தார்கள். தைத்தவர்களுக்கோ அது குளிருக்குப் போட்ட போர்வை.

ஆக, துணியில் உருவமின்மை பிறந்தது துண்டின் அளவிலிருந்து, தட்டுப்பாட்டிலிருந்து, குளிரிலிருந்து. 'இஸ்லாமியக் கலை' என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அந்தப் பெண்ணின் கையையும் அவள் எடுத்த முடிவுகளையும் பார்க்காமல் போகிறோம். அது பாராட்டு மாதிரித் தெரிகிற ஒரு கவனக்குறைவு.

அப்படியானால் நமது மரபுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. அது வேறு வாசலால் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தமது உடையைத் தைப்பார்கள், செருப்பைச் செப்பனிடுவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. ஸூஃபிகளின் ஒட்டுப்போட்ட அங்கிக்கு 'முரக்கஃ' என்ற பெயர் இருந்தது. பிற்காலத்தில் பாரசீக, முகலாய அரசவைகளில் எழுத்தணியையும் ஓவியத்தையும் சேர்த்துக் கட்டிய ஏடுகளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். பக்கீரின் ஒட்டுத்துணிக்கும் பாதுஷாவின் ஏட்டுக்கும் ஒரே சொல்! எங்கட உம்மம்மா இதொன்றும் படித்தவரல்ல. "பழசுண்டு வீசாத பிள்ள, தைச்சா அதுக்கு இன்னொரு காலம் ஈக்கிது" என்பார். துணியில் மார்க்கத்தின் தடம் அந்தச் செப்பனிடுதலில்தான் இருக்கிறது.

இனி இன்றைய சிறு படைப்புகளுக்கு வருவோம். அவற்றை மதிப்பிட நான் ஒரே கேள்வி கேட்கிறேன்: இதையே கடதாசியில் நிறம் தீட்டியிருந்தால் எதை இழந்திருப்போம்? ஒன்றுமில்லை என்றால் அது துணியில் செய்த படம், அவ்வளவுதான். கடையில் புதுத்துணி வாங்கி, கோப்பை வடிவில் வெட்டி ஒட்டுபவை பெரும்பாலும் இந்தக் கேள்வியில் விழுந்துவிடுகின்றன. கோப்பை வைத்து வைத்துக் கறைபிடித்த மேசைத்துணியின் வட்டத்தையே வெட்டித் தைத்தால், அந்தக் கறையைக் கடதாசி தராது.

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில், மழை விடாத இந்த றொசல்லயில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. மலையகம் என்றால் உலகத்துக்கு ஒரே உருவம்தான்: கூடை சுமந்து சிரிக்கும் பெண். தேயிலைப் பெட்டியிலும் அவள்தான், நாட்காட்டியிலும் அவள்தான். என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சித்திரம் வரையச் சொன்னால் தங்கள் அம்மாவைக்கூட அந்தப் பெட்டிப் படம் மாதிரியே வரைகிறார்கள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போடும் கொங்காணி அந்தப் படத்தில் இல்லை. நெற்றியில் கயிறு அழுத்திய கோடு இல்லை. லயத்துத் தகரத்தில் ஒட்டின மேல் ஒட்டுப்போட்ட சதுரங்களும் இல்லை. சிரிக்கும் முகத்தை எடுத்துவிட்டு, ஓர் உரச்சாக்கின் மடிப்பையும் ஒரு கயிற்றின் கோட்டையும் மட்டும் ஒரு முழத் துணியில் வைத்தால், பெட்டிப் படம் மறைத்தது வெளியே வரும். இங்கே உருவமின்மை மரியாதையாகிறது.

கடைசியாகப் பெயர் பற்றி. 1971இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கப் போர்வைகளை ஓவியம்போல் சுவரில் மாட்டியது. பெரிய கௌரவம்தான். ஆனால் தைத்த பெண்களைவிட வடிவமே அங்கு முன்னுக்கு நின்றது. இரண்டே வருடத்தில் பற்றீசியா மைனார்டி என்ற விமர்சகர் எதிர்த்து எழுதினார்: இந்தப் பெண்கள் தற்செயலாகக் கலை செய்தவர்களல்லர், தெரிந்தே செய்தார்கள், பலர் பெயரும் திகதியும் தைத்தே வைத்திருக்கிறார்கள் என்றார்.

அந்தக் கண்டிப்பு நமக்கும் பொருந்தும். கவிஞர்களையும் கதாசிரியர்களையும் தேடித் தேடிப் பதிவு செய்கிறோம், நல்லது. வீட்டுக்குள் இயந்திரம் மிதித்து, தையற்கடை வெட்டுத்துணியில் தொட்டில் விரிப்பும் தொழுகை விரிப்பும் தைத்த நம் பெண்களில் எத்தனை பேருடைய பெயர் நமது ஆய்வேடுகளில் உண்டு? தைத்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய உடுப்பு என்று நான்கு வரி எழுதிவைக்க நிதியம் ஒன்றும் வேண்டியதில்லை. விரிப்பு கிழியுமுன் எழுத வேண்டும், அவ்வளவுதான்.