கிளாஸ் கழுவுதல்: ஓர் எஸ்பிரஸோ எந்திரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஓர் ஒப்புதலோடு தொடங்கிவிடுகிறேன். ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் ஒன்றரை வருசமாக ஓர் எஸ்பிரஸோ எந்திரம் உட்கார்ந்திருக்கிறது. புதுச்சேரியில் இருந்த நண்பர் வேலை மாறி வடக்கே போனபோது 11,000 ரூபாய்க்கு எனக்குக் கைமாற்றிவிட்டுப் போனது. கூடவே கையால் சுற்றுகிற அரவை மிஷின் ஒன்று. 18 கிராம் கொட்டையை அரைத்து, கைப்பிடி வைத்த வடிகட்டியில் கொட்டி, அழுத்திச் சமன்செய்து, மாட்டித் திருகிப் பொத்தானைத் தட்டினால் 25, 30 வினாடிகளில் 36 கிராம் அளவுக்குத் தேன்பதத்தில் ஒரு சாறு இறங்கும். மேலே பழுப்பு நுரை. 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு அழுத்தத்தில் தூளுக்குள் செலுத்துவதுதான் சூத்திரம். எழுதிக்காட்ட எளிது. எங்கள் ஊர் போர்த் தண்ணியில் நாலே மாதத்தில் உப்புப் பிடித்து எந்திரத்துக்கு மூச்சுத் திணறியது. இப்போது கேன் தண்ணீர். மாதம் ஒருமுறை சிட்ரிக் அமிலம் கரைத்து ஓட்டிக் கழுவ வேண்டும். சிக்கரி கலந்த கடைத்தூளைப் போட்டுப் பார்த்தேன், அடைத்துக்கொண்டு சொட்டுக்கூட இறங்கவில்லை. கரண்ட் போனால் எதுவும் இல்லை.

சிதம்பரத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடிப் படிக்கிறோம். அங்கே விசயம் தெரிந்துபோயிற்று. ஒரு தோழர் கேட்டார்: “நுகர்வுக் கலாச்சாரத்தப் பத்திப் பக்கம் பக்கமா எழுதுறீங்க தோழர். வீட்ல இத்தாலி மிஷினா? ஒரு பித்தளை ஃபில்டர் போதாதா? அதுதான நம்ம மரபு?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பும்போது பஸ் சேத்தியாத்தோப்பைத் தாண்டிய பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை உறுத்த ஆரம்பித்தது. நம்ம மரபு. எந்த ‘நாம்’?

2

எங்கள் வீட்டில் பித்தளை ஃபில்டர் இருந்ததே இல்லை. தாத்தா காலத்தில் விடிந்தால் நீராகாரம், இல்லையென்றால் கூழ். அப்பா கரும்பு வெட்டப் போன காலத்தில் டீத்தண்ணி. அதுவும் கடை டீ, தூக்கில் வாங்கி வருவது. டபரா, டம்ளர், டிகாஷன் என்ற சொற்களை நான் கதைகளில்தான் படித்தேன். எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் வாசித்துத் தள்ளிய சிறுகதைகளில் மனைவி கொண்டுவந்து வைக்கும் காப்பிக்குக் கணக்கில்லை. அந்தக் காப்பி சூடாக இருந்தால் இல்லறம், ஆறிப்போனால் ஊடல், வராமலே போனால் பிரச்சினை. நவீனத் தமிழ்க் கதையில் காப்பி ஒரு பானமாக மட்டும் இருந்ததில்லை, குடும்பம் என்ற நிறுவனத்தின் வெப்பமானியாகவும் இருந்திருக்கிறது. அந்த வெப்பமானி தொங்கிய சுவர் எங்கள் தெருவில் இல்லை.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) இந்த ‘மரபு’க்கு வயது எவ்வளவு என்பதைக் காட்டிவிட்ட நூல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பிறகும் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்த காப்பி பழையதையும் நீராகாரத்தையும் எப்படித் தள்ளிவிட்டது, நடுத்தர வர்க்கம் தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளும் குறியாக எப்படி மாறியது, டீ எப்படி உழைப்பாளிகளுக்கும் இசுலாமியருக்கும் உரியதாக ஒதுக்கப்பட்டது என்பதையெல்லாம் அதில் வாசிக்கலாம். கும்பகோணம் டிகிரி காப்பி என்று இன்று நெடுஞ்சாலை நெடுக எழுதிப்போட்டு விற்கப்படும் பழமை, உண்மையில் ஒரு காலனியப் பயிரின் நூறு வருசத்துச் சமாச்சாரம். விளிம்பு வெளியே மடங்கிய அந்த டம்ளரையே பாருங்கள். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கத் தோதான வடிவம். எச்சில் பற்றிய ஒரு முழுச் சொல்லாடலை அதன் ஓரத்தில் மடித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பண்டத்தைத்தான் தோழர் எனக்கு மாற்றாகச் சிபாரிசு செய்தார்.

காப்பி கடைக்குப் போனபோதும் டம்ளருக்குள் இருந்த சாதி கூடவே போயிற்று. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941-இல்தான், பெரியாரும் நீதிக்கட்சியும் காட்டிய எதிர்ப்புக்குப் பிறகு, ஒழிந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கக் கோரித் திராவிடர் கழகத்தார் தொடர்ந்து மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். இந்தப் போராட்டங்களின் கடன் என் மேல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நகரத்துப் பலகையில் இருந்த சொல்லை அழிக்க முடிந்த அரசியலால் கிராமத்து டீக்கடைக் கூரையில் செருகியிருந்த தனிக் கிளாஸை எடுத்தெறிய முடியவில்லை. அந்த டீக்கடைகளை நடத்தியவர்கள் பிராமணர்கள் அல்லர்.

3

இனி எந்திரத்தை ஒரு பிரதியாக வாசிப்போம். 1884-இல் தூரின் நகரத்தில் மொரியோந்தோ என்பவர் நீராவியால் காப்பி வடிக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1901-இல் மிலானைச் சேர்ந்த பெஸேரா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கோப்பை இறக்கும்படி அதைத் திருத்தினார். 1940களின் இறுதியில் காஜியா நெம்புகோலை வைத்து அழுத்தத்தைக் கூட்டியபோதுதான் இன்று எஸ்பிரஸோவின் முகமாக இருக்கிற அந்த நுரை பிறந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: இது வீட்டுக்கென்று பிறந்த எந்திரம் இல்லை. கடைக்காக, கூட்டத்துக்காக, அவசரத்தில் வந்து நின்று குடித்துவிட்டுப் போகிறவர்களுக்காகப் பிறந்தது. இத்தாலியில் இன்றும் பல கடைகளில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் கூடுதல் விலை. நம் ஊரிலும் நிற்பதற்கும் உட்காருவதற்கும் வித்தியாசம் இருந்தது. அது காசில் தீர்கிற வித்தியாசமாக இல்லை.

நுரைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்தியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி ரோபஸ்டா. குடகிலும் வயநாட்டிலும் கூலியாட்கள் பறிப்பது. விளைச்சலில் பெரும்பங்கு ஏற்றுமதியாகிறது, அதிகம் வாங்கும் நாடு இத்தாலி. எஸ்பிரஸோ கலவையில் ரோபஸ்டா சேர்ப்பதே நுரை கெட்டியாக நிற்கத்தான். நமது மலையில் நமது ஆட்கள் பறித்த கொட்டை அங்கே போய் ‘இத்தாலிய ருசி’ ஆகி, எந்திரமும் விளம்பரமுமாகத் திரும்பி வந்து என் அடுப்படியில் உட்காருகிறது. அதற்கும் முன்னால் போனால் இலங்கை. தேயிலைக்கு முன்பு அங்கே மலைகளில் இருந்தது காப்பி. அந்தக் காப்பிக்காகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துக் கூலிகள் கடல் தாண்டிக் காடு வழியே கண்டிச் சீமைக்கு நடந்தார்கள், வழியிலேயே செத்தும் விழுந்தார்கள். 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பியை அழித்த பிறகு அதே ஆட்களைக் கொண்டு தேயிலை போட்டார்கள்.

‘புராணிகங்கள்’ என்று நாம் சொல்லிவரும் நூலில் (1957) ரொலான் பார்த் பிரெஞ்சுக்காரர்களின் ஒயினைப் பற்றி எழுதுகிறார். ஒயினைச் சுற்றிப் பின்னப்பட்ட அழகையெல்லாம் சொல்லிக்கொண்டு போய், கடைசியில் அல்ஜீரியாவில் நிலம் பறிக்கப்பட்ட இசுலாமியர்மீது அவர்களுக்கே தேவைப்படாத அந்தத் திராட்சைப் பயிர் திணிக்கப்பட்டதில் கொண்டுவந்து நிறுத்துகிறார். காப்பிக்கும் அதே நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தின்படி பார்த்தால் பித்தளை ஃபில்டரும் தப்பாது. எந்திரம் அந்நியம், ஃபில்டர் சுதேசி என்று பிரிப்பது இரண்டுக்கும் பின்னால் இருக்கிற கூலியை மறைக்கும் காரியம். தோழருக்கு என் முதல் பதில் இது.

4

ஆனால் அவர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் என்னிடம் சுலபமான பதில் இல்லை. இந்த எந்திரத்தை நான் ஏன் வாங்கினேன்? ருசிக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ருசி என்பது நாக்கில் மட்டும் இருப்பதில்லை, வர்க்கத்தில் இருக்கிறது என்று பூர்தியூவைக் காட்டிக் கூட்டங்களில் பேசியவன் நான்.

அப்பா வாலிபத்தில் டீ குடித்த கடை ஒன்று உண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தப் பெயருக்கு எத்தனையோ ஊர்கள் பொருந்தும். கீற்றுக் கூரையின் இறவாணத்தில் அலுமினிய கிளாஸ்கள் செருகியிருக்கும். நம் ஆட்கள் தாமே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். கடைக்காரர் உயரத் தூக்கி ஊற்றுவார். பெஞ்சுக்கு வெளியே குந்திக் குடித்து, மறுபடி கழுவி, கவிழ்த்துச் செருகிவிட்டு வர வேண்டும். இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1955-ஆம் வருசத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, உணவகங்களில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் புழங்கவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. பாத்திரம் வரைக்கும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பத்து வருசம் கழித்து, 1965-இல், தீண்டாமை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க மத்திய அரசு ஒரு குழு போட வேண்டியிருந்தது. அதற்குத் தலைவர் எங்கள் பக்கத்துக் காட்டுமன்னார்கோயில்காரரான எல். இளையபெருமாள். அறிக்கை 1969-இல் வந்தது. அப்பா குந்திக் குடித்தது அதற்கும் பிறகு.

மாசி மகத்துக்கு எங்கள் பூவராகசாமி கிள்ளைக்குப் போகும். அங்கே தர்காவைச் சேர்ந்த இசுலாமியர் வரவேற்று மரியாதை செய்வார்கள். ஊரே பெருமையாகச் சொல்லும் விசயம், எனக்கும் பெருமைதான். சாமிக்கு வாய்த்தது டீ கிளாஸுக்கு வாய்க்கவில்லை.

பிறகு பேப்பர் கப் வந்தது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்ற கடைகளில் சமத்துவம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். சில ஊர்களில் அவர்களுக்குக் கண்ணாடி, நமக்குப் பேப்பர் என்று அதையும் இரண்டாக்கினார்கள். எப்படியிருந்தாலும் நான் குடித்த கிளாஸில் இன்னொருவன் குடிக்க வேண்டிய கட்டாயத்தைப் பேப்பர் கப் நீக்கிவிட்டது. எச்சிலைப் பொதுவாக்காமல், குப்பைக்கு அனுப்பியது. வீட்டு எஸ்பிரஸோ எந்திரம் இதன் அடுத்த படி. இப்போது கடையே வேண்டாம், ஊற்றுகிறவன் வேண்டாம், பெஞ்சு வேண்டாம். அவமானம் நடந்த இடத்துக்கு நான் போகாமலே இருந்துவிடலாம். என் ருசிக்குள் ஒளிந்திருந்தது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நல்ல காப்பி வேண்டும் என்பதைவிட, யார் கையிலிருந்தும் வாங்கக் கூடாது என்பது.

இதை விடுதலை என்று சொல்லலாமா? என் அப்பனுக்கு மறுக்கப்பட்ட ஒன்றைவிட உசத்தியான ஒன்றை நான் வீட்டில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு கெத்து இருக்கிறது, அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. அதே சமயம் சண்டை காப்பிக்காக நடந்ததில்லை, ஒரே கிளாஸுக்காக நடந்தது. கடையிலிருந்து நான் விலகிவிட்டதால் கடை மாறிவிடவில்லை. விலக்கி வைத்தவர்களும், தானே விலகி வந்த நானும், இப்போது அவரவர் வீட்டில் சௌகரியமாகக் குடிக்கிறோம்.

5

அப்பாவுக்கு முதல் தடவை போட்டுக் கொடுத்தது நினைவிருக்கிறது. “என்னடா, கரும்பு மில்லு மாதிரி சத்தம் போடுது” என்றார். வெறும் எஸ்பிரஸோவை ஒரு வாய் வைத்துவிட்டு, “கசாயம்பா இது” என்று நீட்டினார். பால் காய்ச்சி ஊற்றி இரண்டு கரண்டி சர்க்கரை போட்டதும் முழுக்கக் குடித்தார். எழுந்து கொல்லைக்குப் போய்க் குழாயில் கிளாஸைக் கழுவி, சுவர்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

எனக்கு அது சந்தோசமாக இருந்தது. பெண்ணியம் படித்தவன் இல்லையா? பெண்கள் தலையில் கட்டாமல் தான் குடித்ததைத் தானே கழுவுகிற ஆம்பளை என் அப்பா என்று அம்மாவிடம் மெச்சிச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் சொன்னது: “எனக்காவவா கழுவுறாரு? டீக்கடைல கழுவிக் கழுவி வந்த பழக்கம்டா அது. எத்தினி வாட்டி சொல்லியாச்சு, வச்சுட்டுப் போங்க, நான் கழுவிக்கிறேன்னு. கை கேக்காது அவருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “நீ குடிச்சத எப்பனா கழுவியிருக்கியா?” என்றது.

நான் கழுவியதில்லை. காலை முழுக்க ஒரு விஞ்ஞானி மாதிரி எடை போட்டு, அரைத்து, வினாடி எண்ணி, பால் நுரைத்து, குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். சக்கை அடைத்த வடிகட்டி, பால் ஒட்டிய குவளை, சொட்டுத் தட்டு, என் கிளாஸ் எல்லாம் மேடையிலேயே கிடக்கும். காப்பி போடுவது என் கலை, கழுவுவது அம்மாவின் வேலை. அந்தக் கதைகளில் வந்த வீட்டை நான் கேலி செய்துகொண்டே எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். கடைக்காரனின் அதிகாரம் ஒரு மனிதனின் கையில் நாற்பது வருசம் தங்கியிருக்கிறது. அந்தக் கை கழுவுவதைப் பார்த்து நான் அதற்கு ஒரு கோட்பாட்டின் பெயரை வைக்கிறேன். அதே மேடையில் என் கிளாஸை இன்னொரு கை கழுவுகிறது, அதற்குப் பெயரே வைக்கவில்லை. அதிகாரம் உடலில் தங்குவது பற்றி ஃபூக்கோவைப் படித்த எனக்கு, அது தங்கியிருந்த இரண்டு உடல்களும் என் வீட்டிலேயே இருந்தது தெரியவில்லை.

எந்திரத்தை விற்கப் போவதில்லை. விற்றால் தோழர்களுக்குத் திருப்தி ஏற்படும், அதற்குமேல் எதுவும் ஆகாது. என் கிளாஸையும் வடிகட்டியையும் இப்போது நான் கழுவுகிறேன். இதைச் சாதனையாகச் சொல்லவில்லை. அப்பா கையில் இருப்பதை நான் கழுவிப் போக்க முடியாது என்பதும் தெரியும். கடைக்கும் போகத் தொடங்கியிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி கிளாஸில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். சில கடைகளில் ஒரு வினாடி தயங்குகிறார்கள். அந்த ஒரு வினாடியைப் பற்றித்தான் இனி எழுத வேண்டும்.

தோழர்களே, அடுத்த மாதக் கூட்டத்தை ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வோம். காப்பி நான் போடுகிறேன். கிளாஸ் யார் கழுவுவது என்பதை முதல் பொருளாக எடுத்துப் பேசலாம்.